குடும்பத்தை அளக்கும் அரசு பிள்ளையை எண்ண மறக்கலாமா?

2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாடசாலை உபகரணங்கள் வாங்குவதற்கென மாணவர் ஒருவருக்கு 6,000 ரூபா வழங்க அரசாங்கம் தீர்மானித்தபோது, 'அஸ்வெசும' நலன்புரித் திட்டத்தில் இடம்பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளே முதலில் தெரிவுசெய்யப்பட்டனர். கொடுப்பனவு பிள்ளைக்குரியது, ஆனால் அதனைப் பெறுவதற்கான தகுதி குடும்பத்துக்குரியது. பட்டியலில் குடும்பம் இல்லையெனில் பிள்ளையும் இல்லை. இந்த ஏற்பாடு போதாது என்பது விரைவிலேயே உணரப்பட்டு, பட்டியலுக்கு வெளியே இருந்த, உதவி தேவைப்படும் மாணவர்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இந்த விரிவாக்கத்தை நாம் வரவேற்கின்றோம். ஆனால் ஒரு முறை மட்டும் வழங்கப்படும் உதவியில் உணரப்பட்ட குறை, மாதந்தோறும் வழங்கப்படும் உதவியில் இன்னமும் முறையாக ஆராயப்படவில்லை.

ஒரு பிள்ளைக்கு அரசின் உதவி தேவையா என்பதை யாருடைய வருமானத்தைக் கொண்டு தீர்மானிப்பது? தந்தையோ தாயோ தனித்து ஈட்டுவதைக் கொண்டா? அல்லது ஒரே கூரையின் கீழ் வாழும் அனைவரும் சேர்ந்து ஈட்டுவதைக் கொண்டா? கணக்காளர்களுக்கு மட்டும் உரிய வினாவாக இது தோன்றலாம். மன்னார்த் தீவிலும் அதனையடுத்த கரையோரத்திலும் வாழும் மக்களைப் பொறுத்தவரை, மாத இறுதியில் வீட்டுக்கு வந்துசேரும் தொகை இந்த வினாவுக்கான விடையிலேயே தங்கியுள்ளது.

இவ்விரு முறைகளில் குடும்ப வருமானத்தைக் கணக்கிடும் முறையே நியாயமானது எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அதற்குக் காரணமும் உண்டு. பிரித்தானியாவின் அனுபவம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அங்கு பிள்ளைகளுக்கான கொடுப்பனவு நீண்டகாலமாக எல்லாப் பெற்றோருக்கும் வழங்கப்பட்டு வந்தது. 2013 ஜனவரியில், கூடிய வருமானமுடையோரிடமிருந்து அதனை வரி மூலம் மீளப்பெறும் முறை புகுத்தப்பட்டது. பெற்றோரில் ஒருவரது ஆண்டு வருமானம் 50,000 பவுணைத் தாண்டினால் கொடுப்பனவு குறையத் தொடங்கும். 60,000 பவுணில் முற்றாக இல்லாமற்போகும். இதன்படி, ஒருவர் மாத்திரம் உழைத்து 60,000 பவுண் ஈட்டிய குடும்பம் அனைத்தையும் இழந்தது. இருவரும் தலைக்கு 49,000 பவுண் வீதம் மொத்தமாக 98,000 பவுண் ஈட்டிய குடும்பமோ எதனையும் இழக்கவில்லை. தாய் வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பராமரிக்கும் குடும்பங்களும் தனியொரு பெற்றோரை நம்பிய குடும்பங்களும் இதனாற் பாதிக்கப்பட்டன. புலம்பெயர்ந்து அங்கு வாழும் எம்மவர்களுக்கும் இது பழகிப்போன முறைப்பாடாகும்.

2024 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில் அப்போதைய நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் இந்த எல்லையை 60,000 பவுணாக உயர்த்தியதுடன், 2026 ஏப்ரலளவில் குடும்ப வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட முறைக்கு மாறுவதாகவும் அறிவித்தார். ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஒக்டோபரில், செலவைக் காரணங்காட்டி, புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அத்திட்டத்தைக் கைவிட்டார். அங்கு வருமான வரி தனியாளைக் கொண்டே கணிக்கப்படுவதால், யாருடன் யார் குடும்பமாக வாழ்கின்றனர் என்ற விபரத்தை வரித் திணைக்களம் புதிதாகத் திரட்ட வேண்டியிருந்தமை இம்மாற்றத்திலிருந்த பெரும் சிக்கலாகும். நிருவாக வளம் மிக்க ஒரு நாட்டுக்கே 'குடும்பம்' என்பது எளிதில் வரையறுத்துவிடக் கூடியதாக இருக்கவில்லை.

இலங்கையின் நிலை இதற்கு நேர்மாறானது. வரி அறவிடும்போது எமது அரசு தனியாளைப் பார்க்கின்றது. உதவி வழங்கும்போது குடும்பத்தைப் பார்க்கின்றது. 2025 ஏப்ரல் முதல் தனியாள் வருமான வரிக்கான விடுதொகை ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவாகும். அதாவது, மாதந்தோறும் தலைக்கு ஒன்றரை இலட்சம் ரூபா சம்பளம் பெறும் கணவனும் மனைவியும், வீட்டுக்கு மூன்று இலட்சம் ரூபா வந்தபோதிலும், அச்சம்பளத்துக்கு வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. அவர்களது வருமானங்களைக் கூட்டிப்பார்க்க அரசு முயல்வதில்லை. ஆனால் பேசாலையிலோ வங்காலையிலோ, கடலுக்குச் செல்லும் தந்தை, கருவாடு காயவைக்கும் தாய், கடையொன்றிற் சம்பளத்துக்கு நிற்கும் மகன் ஆகிய மூவரது வருமானமும் ஒன்றாகக் கூட்டப்படுகின்றது. இருப்பவரிடம் தனித்தனியாகவும் இல்லாதவரிடம் மொத்தமாகவும் கணக்குப் பார்க்கும் இந்த முரண்பாடு ஆழ்ந்து நோக்கப்பட வேண்டியதாகும்.

அஸ்வெசும திட்டம் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 37 இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் கிடைத்திருந்தன. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, உடைமைகள், வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளிலமைந்த 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளியிடப்பட்டது. மிக வறிய குடும்பங்களுக்கு 15,000 ரூபாவும் வறிய குடும்பங்களுக்கு 8,500 ரூபாவும் மாதாந்தம் வழங்கப்பட்டன. 2025 ஜனவரியில் இவை முறையே 17,500 ரூபாவாகவும் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. அரசியல்வாதிகளின் பரிந்துரைக்கு இடமின்றி, ஒரே அளவுகோலால் நாடு முழுவதையும் அளக்க முற்பட்டமை இத்திட்டத்தின் சிறப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் முதற் பட்டியல் வெளியானதும் ஏறத்தாழ பத்து இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தமை, அளவுகோலில் ஏதோ பிழையிருந்தது என்பதையே காட்டிற்று.

பிழைகளுள் ஒன்று எவரும் காணக்கூடியது. ஒரு குடும்பம் எந்தப் பிரிவில் அடங்குகின்றதோ அப்பிரிவுக்குரிய தொகையே அதற்குக் கிடைக்கும். அக்குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள் என்பது தொகையை மாற்றுவதில்லை. மிக வறிய பிரிவில் தனித்து வாழும் ஒருவருக்கு 17,500 ரூபா முழுமையாகக் கிடைக்கும். ஐந்து பிள்ளைகளையுடைய ஏழு பேர் கொண்ட குடும்பத்தில் அது தலைக்கு 2,500 ரூபாவாகச் சுருங்கும். பல குறைபாடுகளுக்காகக் கண்டிக்கப்பட்ட பழைய சமுர்த்தித் திட்டத்தில்கூட அங்கத்தவர் தொகைக்கேற்ப நிவாரணம் வேறுபட்டது. நான்கும் அதற்கு மேற்பட்டவர்களும் கொண்ட குடும்பத்துக்கே உச்சத் தொகையான 3,500 ரூபா வழங்கப்பட்டு வந்தது. தொகை சிறிதாயினும் தலைகளை எண்ணும் வழக்கம் அதில் இருந்தது. புதிய திட்டத்தில் தொகை பெருகியது. எண்ணும் வழக்கம் மறைந்தது. பிள்ளைகள் அதிகமுள்ள வீடுகளே இதனால் நட்டமடைந்துள்ளன.

இரண்டாவது பிழை 'குடும்பம்' என்ற சொல்லிலேயே பொதிந்துள்ளது. ஒன்றாக வசித்து, ஒன்றாகச் சமைத்து உண்போரே ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்பாளர்களின் பொதுவான விளக்கம். மன்னாரில் இவ்விளக்கம் பல விதங்களில் இடறுகின்றது.

கடற்றொழிலாளரின் நிலையை முதலில் நோக்குவோம். மன்னார்த் தீவின் ஒரு கரை மன்னார் வளைகுடாவையும் மறுகரை பாக்கு நீரிணையையும் நோக்கியது. சோழகம் வீசும் மாதங்களில் ஒரு கரை கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் மறுகரை கொந்தளிக்கும். காற்றுக்கேற்பக் கரைமாறித் தொழில் செய்வோர் மாதக்கணக்கில் வாடிகளிலேயே தங்குகின்றனர். பிடிபட்ட மீனை விற்று, எரிபொருட் செலவைக் கழித்து, படகுக்கும் வலைக்குமான பங்கை ஒதுக்கிய பின்னர் எஞ்சுவதே ஆட்களுக்குப் பங்கிடப்படுகின்றது. முற்பணம் வாங்கியிருப்பின் அதுவும் அப்பங்கிலிருந்தே கழியும். நல்ல மாதமொன்றில் கணக்கெடுத்தால் அவர் வசதி படைத்தவர். காற்று மாறிய மாதத்தில் அவர் வறியவர். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டபோது, வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பிய எத்தனையோ படகுகள் கரையேறின. கரையில் நிற்கும் படகும் உடைமையே. கடன்பட்டு வாங்கிய இயந்திரமும் உடைமையே. உடைமைகளை எண்ணிப் புள்ளியிடும் முறையில் கடனும் காற்றும் இடம்பெறாவிடின், தொழில் முடங்கிய வீடு வசதியான வீடாகவே பதிவாகும். எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளால் ஒரே இரவில் வலைகளை இழந்தோருக்கும் இதே நிலைதான்.

இரண்டாவதாக, கூட்டாக வாழும் வீடுகள். போராலும் இடப்பெயர்வாலும் வீடிழந்தோர் பெருந்தொகையினர். திருமணமான மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும்வரை பெற்றோரின் வளவிலேயே அவள் கணவனோடும் பிள்ளைகளோடும் வாழ்வது எமது சமூகத்தின் வழமை. ஒரு கூரையின் கீழ் இரண்டு, மூன்று அடுப்புகள் எரியும் வீடுகள் இங்கு புதுமையல்ல. அவ்வாறான வீட்டில் ஓய்வூதியம் பெறும் பாட்டனார் ஒருவர் இருந்தால், அல்லது வெளிநாட்டிலிருந்து ஒரு மகன் அனுப்பிய பணத்தில் சீமெந்துத் தரை போடப்பட்டிருந்தால், அதே வளவில் பிள்ளைகளுடன் ஒதுங்கியிருக்கும் மகளின் வறுமை கணக்கிலிருந்து மறைந்துவிடும். பாட்டனாரின் ஓய்வூதியத்தைப் பேரப்பிள்ளையின் பாற்செலவுக்கு உரியதென அரசு கருதுகின்றது. பாட்டனார் அவ்வாறு கருதுகின்றாரா என்பதை எவரும் கேட்பதில்லை.

மூன்றாவதாக, இரு மாவட்டங்களுக்கிடையில் பிரிந்து வாழும் குடும்பங்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மன்னாரைச் சேர்ந்தோர் பெரும் பகுதியினர். புத்தளத்தில் இருபது ஆண்டுகளளவு வாழ்ந்த பின்னர், 2009 இல் போர் முடிவுற்றதைத் தொடர்ந்து முசலி, சிலாவத்துறை போன்ற இடங்களுக்கு அவர்கள் திரும்பத் தொடங்கினர். ஆயினும் வீடு, நீர், பாடசாலை, தொழில் ஆகியவற்றின் குறைபாடுகளால் பலர் பாதி இங்கும் பாதி அங்குமாகவே வாழ நேர்ந்தது. தந்தை முசலியில் காணி துப்புரவாக்குகின்றார். தாயும் பிள்ளைகளும் புத்தளத்தில். இவர்கள் ஒரு குடும்பமா, இரு குடும்பங்களா? எந்தக் கிராம அலுவலர் இவர்களைப் பதிவது? வாக்காளர் இடாப்பிலேயே சர்ச்சைக்குள்ளான இந்த வினா, நலன்புரிப் பட்டியலில் மட்டும் எவ்வாறு எளிதாகும்?

நான்காவதாக, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள். கணவர் இறந்ததற்கும் சான்றில்லாமல், உயிரோடிருப்பதற்கும் சான்றில்லாமல் வாழும் பெண்கள் மன்னாரில் இன்றும் உள்ளனர். தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்க, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகளும் உள்ளனர். தாய் உழைக்கின்றார் என்பதால் அப்பிள்ளை வசதியானதென எழுதப்பட்டால், பணம் வந்துசேராத மாதங்களில் அப்பிள்ளையின் பசிக்கு யார் பொறுப்பு?

இவ்வாறு குடும்பத்தை மட்டும் நோக்கி எடுக்கப்படும் கணக்குகள் எத்தகைய தோற்றத்தைத் தரும் என்பதற்கு அரச புள்ளிவிபரங்களே சான்று. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் குடும்ப வருமான, செலவு ஆய்வின்படி 2012/13 இல் மன்னார் மாவட்டத்தின் வறுமை வீதம் 20.1 ஆகும். 2016 இல் அது 1.0 வீதமாக வீழ்ச்சியடைந்ததாகக் காட்டப்பட்டது. ஐந்தில் ஒருவர் வறியவராக இருந்த மாவட்டத்தில் நான்கே ஆண்டுகளில் நூற்றில் ஒருவரே வறியவர் என்றால், கொழும்பை நெருங்கும் செழிப்பை அது எய்தியிருக்க வேண்டும். மன்னாரை அறிந்தோர் எவரும் இதனை ஏற்கமாட்டார்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்களையே கொண்டிருந்த சிறிய மாவட்டம் இது. சிறிய மாதிரியிலிருந்து எடுக்கப்படும் கணக்கு இவ்வாறு ஏறி இறங்குவது இயல்பே. அந்தக் கோட்டுக்கு மிக அருகில் மேலும் கீழுமாகப் பெருந்தொகையினர் வாழ்கின்றனர் என்பதையே இத்தகைய தாவல் உணர்த்துகின்றது. கோட்டுக்கு ஓர் அங்குலம் மேலே நிற்பவரை வசதியானவரெனத் தள்ளிவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மற்றொரு கணக்கு இன்னும் தெளிவானது. அதே திணைக்களம் 2019 ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கணித்த பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணின்படி நாட்டு மக்களில் 16 வீதமானோர் வறியவர்கள். நான்கு வயது வரையான சிறுவர்களுக்கெனத் தனியாக, போசாக்கின்மையையும் ஆரம்பகால வளர்ச்சியையும் சேர்த்துக் கணித்தபோது, அத்தொகை 42.2 வீதமாக உயர்ந்தது. வீட்டைப் பார்த்தபோது நூறில் 16. பிள்ளையைப் பார்த்தபோது நூறில் 42. வறிய வீடெனப் பதிவாகாத வீடுகளிலும் வறிய பிள்ளைகள் வளர்கின்றனர் என்பதே இதன் பொருளாகும். அதுவும் 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்கு முந்திய நிலை.

குடும்பத்துக்குள் வருவது அனைத்தும் எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படுகின்றது என்ற எடுகோளின் மீதே குடும்ப வருமான முறை நிற்கின்றது. அந்த எடுகோள் வலுவற்றது என்பதை உலகம் பல காலமாக அறியும். 1945 இல் பிரித்தானியாவில் குடும்பக் கொடுப்பனவுச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, பணம் தந்தைக்கே உரியது என்றிருந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தாயின் கையில் அது சேரவேண்டுமென வாதாடி வென்றார் எலினோர் ராத்போன். தமிழ்நாட்டில் 2023 செப்ரெம்பரில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், தகுதியைத் தீர்மானிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானமும் காணியும் மின்சாரப் பாவனையும் பார்க்கப்பட்டன. ஆனால் மாதம் 1,000 ரூபாய் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கே சென்றது. குடும்பத்தை அளந்தாலும் தனியாளுக்கு வழங்கலாம் என்பதற்கு இது அண்டை நாட்டுச் சான்றாகும். குடும்பமா தனியாளா என்ற வினாவில் யாரை அளப்பது, யாரை எண்ணுவது, யாரிடம் கொடுப்பது என்ற மூன்று வினாக்கள் உள்ளன. அவை மூன்றையும் ஒன்றெனக் கொண்டதே அஸ்வெசும திட்டத்தின் குறைபாடு.

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை நாம் அறிவோம். திறைசேரியில் பணமில்லை என்பது முதலாவது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின் கீழ் அரசின் கைகள் பெருமளவு கட்டப்பட்டிருந்தமை உண்மையே. ஆனால் அதே உடன்பாட்டில் சமூகப் பாதுகாப்புச் செலவுக்கு ஒரு தாழ்வெல்லையும் வகுக்கப்பட்டிருந்தது. அந்தச் செலவை எவ்வாறு பகிர்வது என்பது எமது அரசு எடுக்கவேண்டிய தீர்மானமே. பிள்ளைக்கு இவ்வளவு எனக் கொடுக்கத் தொடங்கினால் குடும்பங்கள் காகிதத்தில் பிரிந்துகொள்ளும் என்பது இரண்டாவது மறுப்பு. உண்மையில் குடும்பத்துக்கு இவ்வளவு எனக் கொடுக்கும் இன்றைய முறையே அதற்குத் தூண்டுகின்றது. ஒரு குடும்பம் இரண்டாகப் பதிந்தால் இரண்டு கொடுப்பனவுகளுக்கு வழி பிறக்கும். பிள்ளைகளை எண்ணிக் கொடுத்தால், எத்தனை வீடுகளாகப் பிரிந்தாலும் பிள்ளைகளின் தொகை மாறப்போவதில்லை. பிறப்புச் சான்றிதழை இரட்டிப்பாக்குவது குடும்பப் பதிவை இரட்டிப்பாக்குவதிலும் கடினமானது.

வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது மறுப்பு. இங்கேதான் குடும்ப வருமானம் என்ற அளவுகோலுக்கு உரிய இடம் இருக்கின்றது. தாய், தந்தை இருவரது வருமானத்தையும் கூட்டி, தெளிவாக வசதி படைத்த மேல்மட்டத்தினரைக் கழித்துவிடலாம். அவர்களுக்குச் சம்பளப் பட்டியல் உண்டு. வரிக் கோவை உண்டு. மேலேயுள்ளவரைக் கழிப்பதற்கு அது பொருத்தமான கருவி. சம்பளப் பட்டியலோ நிலையான வருமானமோ இல்லாத கடற்கரையில், கீழேயுள்ளவரைத் தேடிப் பிடிப்பதற்கு அது பொருந்தாத கருவி.

ஆகவே சில மாற்றங்களை நாம் வலியுறுத்துகின்றோம். அஸ்வெசும கொடுப்பனவில் பிள்ளை ஒவ்வொன்றுக்குமெனத் தனிப் பகுதியொன்று சேர்க்கப்பட வேண்டும். பிள்ளையின் பொருட்டுக் கணக்கெடுக்கும்போது, பிள்ளையும் அதனைப் பராமரிப்பவரும் மாத்திரமே ஓர் அலகாகக் கொள்ளப்பட வேண்டும். அதே கூரையின் கீழ் வாழும் பாட்டனாரதும் மாமனாரதும் வருமானம் அதிற் சேர்க்கப்படலாகாது. கடற்றொழிலாளரின் வருமானம் ஒரு மாதத்தைக் கொண்டன்றி, சோழகமும் வாடையும் அடங்கிய ஓர் ஆண்டைக் கொண்டு கணிக்கப்பட வேண்டும். கிராமங்களிலுள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கு உதவ முடியும். பணம் பிள்ளையைப் பராமரிப்பவரின் கணக்குக்கே செல்ல வேண்டும். அவர் தாயாகவோ அம்மம்மாவாகவோ இருக்கலாம். மன்னாருக்கும் புத்தளத்துக்குமிடையே பிள்ளை இடம்மாறினால் கொடுப்பனவும் தடையின்றிக் கூடவே மாற வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு தாயை நேரடியாக நோக்கி வகுக்கப்பட்டதே. பிள்ளை பிறந்த பின்னர் அந்த நோக்கு ஏன் அறுந்துபோக வேண்டும்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலையடுத்து அருவியாறு பெருக்கெடுத்து மன்னார்ப் பெருநிலப் பரப்பின் கிராமங்களை மூழ்கடித்தபோது, நிவாரணத்துக்காக மீண்டும் வீடுகளும் குடும்பங்களும் கணக்கெடுக்கப்பட்டன. இப்பிரதேச மக்கள் போர்க்காலத்திலிருந்தே குடும்ப அட்டையை மடித்துப் பத்திரப்படுத்தி வாழப் பழகியவர்கள். அட்டையில் பெயரில்லாதவருக்கு அரிசியில்லை என்ற அனுபவம் அவர்களுக்குப் புதிதல்ல. அந்த அட்டைகள் போர்க்கால நெருக்கடியின் தேவையாக இருந்தன. அமைதிக் காலத்து நலன்புரித் திட்டம் அதைவிடக் கூர்மையான கண்களைக் கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் பெயர்கள் பிறப்புப் பதிவேட்டில் இருக்கின்றன. பாடசாலை இடாப்பில் இருக்கின்றன. குடும்பநல உத்தியோகத்தரின் நிறை அட்டையிலும் இருக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்பதற்குப் புதிய சட்டமோ புதிய வரியோ தேவையில்லை. அடுத்த மீளாய்வின்போது நலன்புரி நன்மைகள் சபை அப்பதிவேடுகளிலிருந்து தன் கணக்கைத் தொடங்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.